ரோமை மட்டுமே ஆடும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

பண்டைய உலகத்தைக் களமாகக் கொண்ட வியூக விளையாட்டுகளில் இரவுகளைக் கழிக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். 'ரோம்: டோட்டல் வார்' விளையாட்டையும் அதன் இரண்டாம் பாகத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள். எந்த நகரத்தில் எத்தனை டர்னுக்குள் எந்தக் கட்டடம் எழ வேண்டும், எந்தக் கணவாயில் எதிரியை மறிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அந்த அறிவை மதிப்பதால்தான் இந்த மடல். புதிதாக ஆட வருகிறவர் 'எந்தத் தரப்பை எடுப்பது?' என்று கேட்டால், உங்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் தரும் விடை ரோம். நீங்களும் ஐந்தாவது கேம்பெய்னிலும் பத்தாவது கேம்பெய்னிலும் அதே சிவப்புக் கொடியின் கீழ்தான் நிற்கிறீர்கள். எப்போதாவது கார்த்தேஜையோ பார்த்தியாவையோ எடுத்தாலும், நூறு டர்ன் கடப்பதற்குள் அதையும் இன்னொரு ரோமாக மாற்றிவிடுகிறீர்கள். இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். ஏன் என்பதைச் சொல்லி முடிக்கும்வரை என்னோடு இருங்கள்.

முழுப் பழியும் உங்களுடையது என்று சொல்ல மாட்டேன். விளையாட்டே உங்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது. 2004இல் வெளிவந்த முதல் பாகத்தைத் திறந்தவுடன் ஆடக் கிடைத்தவை ஜூலி, ப்ரூட்டி, ஸ்கிப்பி என்ற மூன்று ரோமானியக் குடும்பங்கள் மட்டும். மற்றத் தரப்புகள் பூட்டிக் கிடந்தன. ஒரு தரப்பின் பூட்டைத் திறக்க வேண்டுமானால் அந்தத் தரப்பை நீங்கள் அழித்திருக்க வேண்டும், அல்லது ரோமாக ஆடிக் கேம்பெய்னையே வென்றிருக்க வேண்டும். அதாவது கார்த்தேஜின் கண்ணால் உலகைப் பார்க்கும் உரிமை, கார்த்தேஜை எரித்தவருக்கே கிடைத்தது. பூட்டு திறந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பெரிய கேம்பெய்னை வெல்ல 50 மாகாணங்கள் வேண்டும், அவற்றில் ரோம் நகரமும் இருக்க வேண்டும். கார்த்தேஜாக ஆடினாலும் சரி, கிழக்கே பார்த்தியாவாக ஆடினாலும் சரி, ரோமில் போய் உட்கார்ந்தால்தான் வெற்றி. 2013இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் முன்னுரைக் கேம்பெய்னும் சாம்னைட்டுகளை எதிர்த்துப் போரிடும் ரோமானியனின் கதைதான். கை பழகும் முதல் நாளிலிருந்தே ஒரே ஊரின் நியாயம் உங்களுக்குள் இறங்குகிறது. அந்த நியாயம் விளையாட்டின் விதியாகவே உருக்கொள்வதால், அதை ஒரு தரப்பின் பார்வை என்று பிரித்தறிவதும் கடினமாகிவிடுகிறது.

கௌல் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் அவர்கள் 'காட்டுமிராண்டி' என்ற பொது வகைக்குள் அடைபட்டவர்கள். அவர்களுடைய ஊர்கள் ஓர் அளவுக்கு மேல் வளரா. கல்மதில் கட்ட முடியாது, மரவேலி மட்டுமே. கற்சாலை போட முடியாது, மண்பாதைதான். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண், கௌல் நாடு என்றால் காட்டுக்குள் சில குடிசைகள் என்றே முடிவுகட்டும். ஆனால் அந்த நாட்டை வென்ற சீசர் தன் போர்க்குறிப்புகளில் கௌல் மதிலின் அமைப்பை நின்று நிதானமாக விவரிக்கிறார்: குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள், இடையே மண்ணும் கல்லும், முகப்பில் பெருங்கற்கள். கல் இருப்பதால் தீ அண்டாது, மரம் உள்ளே பிணைந்திருப்பதால் மதிலிடிக்கும் உத்தரத்துக்கும் அசையாது என்று அந்தப் பகைவரே வியந்து எழுதுகிறார். ஏடுயி இனத்தாரின் தலைநகரான பிப்ராக்டே இன்றைய பிரான்சின் மோன் பெவ்ரே மலைமேல் அகழப்பட்டிருக்கிறது. மதிலும் வாயிலும் கைவினைஞர் தெருக்களும் கொண்ட ஊர் அது. இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் ஆசையாக வளர்க்கும் லீஜியன் வீரன் உடம்பில் போட்டிருக்கும் இரும்பு வளையக் கவசம் கௌல் மக்களின் கண்டுபிடிப்பு என்று ரோமானிய அறிஞர் வாரோவே எழுதியிருக்கிறார். அவன் இடுப்பிலுள்ள குறுவாள் ஐபீரியாவிலிருந்து வந்தது. முதல் பூனிக் போரில் ரோம் கட்டிய பெருங்கப்பல்கள், கரைதட்டிய ஒரு கார்த்தேஜியக் கப்பலைப் பார்த்துச் செய்தவை. நீங்கள் நேசிக்கும் ரோம், மற்றவர்களின் பட்டறைகளிலிருந்து எடுத்துக் கோத்த ரோம். அந்தப் பட்டறைகளுக்குள் ஒரு கேம்பெய்னாவது வாழ்ந்து பார்க்காமல் ரோமையும் நீங்கள் முழுதாக அறிய முடியாது.

இதைவிட ஆழமான ஒரு சேதம் உண்டு. நீங்கள் எடுக்காத தரப்புகளையெல்லாம் யார் ஆடுகிறார்? கணினி ஆடுகிறது, அதுவும் மோசமாக ஆடுகிறது. முதல் பாகத்தில் செலூக்கியப் பேரரசு எத்தனை முறை உங்கள் கண் முன்னே சிதைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தெற்கே எகிப்து, கிழக்கே பார்த்தியா, வடக்கே ஆர்மீனியாவும் போன்டஸும் என்று நான்கு பக்கமும் கடிக்க, நீங்கள் ஆசியாவில் காலடி வைப்பதற்கு முன்பே அது வரைபடத்தில் ஒரு சிறு புள்ளியாகிவிடும். மெய்யான செலூக்கிய அரசு கி.மு. 63இல் ரோமானியத் தளபதி பாம்பே வந்து சிரியாவை எடுத்துக்கொள்ளும்வரை நின்றது. பார்த்தியா இன்னும் மோசமாக நடத்தப்படுகிறது. பாலைவன ஓரத்தில் ஓரிரு ஏழை நகரங்களோடு முனகிக்கொண்டு கிடக்கும் அந்தத் தரப்பைப் பார்த்து, வரலாற்றிலும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்று நீங்கள் எண்ணினால் தப்பில்லை, ஏனெனில் வேறெதையும் உங்களுக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் பார்த்தியாவின் அர்சாகிய அரசகுலம் கி.பி. 224வரை, ஏறத்தாழ 470 ஆண்டுகள் ஆண்டது. அதன் தலைநகர் டெசிஃபானை ரோமானியர்கள் கி.பி. 116இல் டிராஜன் காலத்தில் பிடித்தார்கள், பிறகும் பிடித்தார்கள், ஒருமுறைகூட நிலையாக வைத்துக்கொள்ள இயலவில்லை. டிராஜன் பிடித்ததை அடுத்த ஆண்டே ஹேட்ரியன் விட்டுக்கொடுத்தார். கணினியின் தவறுகளை ஒரு மக்களின் வரலாறாக நாம் மனத்தில் ஏற்றிக்கொள்கிறோம். அதைத் திருத்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரே வழி, அந்தத் தரப்பைக் கணினியின் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொள்வதுதான்.

வாங்கினால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். புதிய கேள்விகள் கிடைக்கும். ரோமாக ஆடும்போது உங்களுக்கு ஆள்பஞ்சம் கிடையாது. ஒரு படை அழிந்தால் இன்னொரு படை எழும். இந்த இடத்தில் விளையாட்டு வரலாற்றை நன்றாகவே பிடித்திருக்கிறது. கி.மு. 225இல் ரோமும் அதன் கூட்டாளிகளும் திரட்டக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையை 7,00,000க்கு மேற்பட்ட காலாட்கள், 70,000 குதிரைவீரர்கள் என்று பண்டைய வரலாற்றாசிரியர் போலிபியஸ் கணக்கிடுகிறார். ஏழாண்டுகள் கழித்து ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கிய கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபாலிடம் எஞ்சியிருந்தவர்கள் 20,000 காலாட்களும் 6,000 குதிரைவீரர்களும். இந்த எண்ணிக்கை ஹன்னிபாலே லசீனியம் முனையில் பொறித்து வைத்த செய்தியிலிருந்து போலிபியஸ் எடுத்தது. கி.மு. 216இல் கன்னேயில் ஒரே நாளில் சுமார் 70,000 ரோமானியர் மடிந்ததாக அவரே சொல்கிறார். அதற்குப் பிறகும் ரோம் பதினான்கு ஆண்டுகள் போரிட்டு ஸாமாவில் வென்றது. இத்தகைய வளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடும் உங்களுக்கு, ஒரு படைப்பிரிவை இழப்பது சிறு எரிச்சல். ஹன்னிபாலின் இடத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு லிபிய ஈட்டிவீரனும் திரும்பக் கிடைக்காத செல்வம். எங்கே போரிடுவது என்பதைவிட எங்கே போரிடாமல் விலகுவது என்பது பெரிய முடிவு. எந்த இத்தாலிய நகரத்தைப் பேச்சால் திருப்பலாம் என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். வியூகம் என்ற சொல்லுக்குப் பொருள் அங்கேதான் தொடங்குகிறது, இல்லாமையில்.

வரியைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வரியை எவ்வளவு உயர்த்தலாம் என்று ஆராயாமல் யாரும் இந்த ஆட்டத்தில் ஒரு டர்னையும் முடிப்பதில்லை. முதல் பூனிக் போரின்போது பணமுடையில் சிக்கிய கார்த்தேஜ், லிபிய உழவர்களிடம் விளைச்சலில் பாதியைப் பிடுங்கியது, நகரங்களின் வரியை இரட்டிப்பாக்கியது. கி.மு. 241இல் போரில் தோற்று ரோமுக்கு 3,200 தாலந்து தண்டம் கட்ட ஒப்பிய பிறகு, தன் கூலிப்படைக்குப் பாக்கியைக் கொடுக்க முடியாமல் பேரம் பேசியது. படை கலகம் செய்தது, அந்த வரியால் நொந்திருந்த லிபியாவும் உடன் எழுந்தது. லிபியப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கலகக்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று போலிபியஸ் எழுதுகிறார். கி.மு. 237வரை நீண்ட அந்தப் போர் கார்த்தேஜை ஏறக்குறைய முடித்துவிட்டது. முடிகிற தறுவாயில் ரோம் சார்டினியாவைப் பறித்துக்கொண்டு மேலும் 1,200 தாலந்து கேட்டது. கார்த்தேஜாக ஆடும்போது வரியை ஒரு படி ஏற்றுகிறீர்கள், லிபியாவின் பொது அமைதி சரிகிறது, கூலிப்படையின் செலவு ஒவ்வொரு டர்னிலும் கருவூலத்தைக் கரைக்கிறது, படையைக் கலைத்தால் எல்லை திறந்து கிடக்கிறது. ஒரு நூலில் படித்தால் நான்கு வரியில் முடிகிற செய்தி இது. அதே முடிச்சை நீங்களே அவிழ்க்க வேண்டிய நிலை வரும்போது, ஒரு அரசு தன் குடிகளின் கழுத்தை நெரித்துத் தன்னையே நெரித்துக்கொள்வது எப்படி என்று உடம்பில் உணர்வீர்கள். ரோமின் கேம்பெய்ன் இந்தப் பாடத்தை உங்களுக்குத் தராது.

வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, இரண்டு மணி நேரம் மனம் லேசாக ஆடுகிறவனிடம் போய் இல்லாமையைப் பற்றியும் தோல்வியைப் பற்றியும் பேசுவது நியாயமா என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் ரோமானியக் கேம்பெய்ன்களில் எத்தனையை முடித்திருக்கிறீர்கள் என்று நேர்மையாகப் பாருங்கள். இத்தாலி கைக்கு வந்து, கார்த்தேஜ் விழுந்து, கிரேக்கமும் அடங்கிய பிறகு ஆட்டத்தில் மிஞ்சுவது எண்ணிக்கை மட்டும். யார் வெல்வார் என்பது தெரிந்துவிட்டது, இனி நாற்பது நகரங்களை ஒவ்வொன்றாக முற்றுகையிட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். அந்த இடத்தில் சலித்து, அந்தச் சேவ் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, புதிய கேம்பெய்னைத் தொடங்கி மறுபடி ரோமையே எடுக்கிறீர்கள். உங்களைச் சலிக்க வைப்பது வெற்றி எளிதாக வந்ததுதான். நெருக்கடியோடு தொடங்கும் தரப்பில் அந்தச் சலிப்பு வெகு தாமதமாக வரும், பல நேரங்களில் வராமலே போகும். புதிதாக வருகிறவருக்கு மட்டும் இதில் விலக்கு தரலாம். முதல் கேம்பெய்னை ரோமில் பழகட்டும், தவறில்லை. நான் கேட்பது உங்கள் மூன்றாவதையும் பத்தாவதையும் பற்றி.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 'தோற்றவர்கள் மட்டும் புனிதர்களா? கார்த்தேஜும் பேரரசுதானே, அதுவும் அடிமைகளை வைத்திருந்தது, தோற்ற தளபதிகளைச் சிலுவையில் அறைந்தது. கௌல் இனங்கள் ஒன்றையொன்று சூறையாடின. அவர்களுக்காக எதற்குக் கண்ணீர்?' இதை நான் முழுமையாக ஏற்கிறேன். லிபிய உழவனின் பாதி விளைச்சலைப் பற்றி மேலே எழுதியதே அதனால்தான். உங்களிடம் கண்ணீரும் கேட்கவில்லை, கட்சி மாறவும் கேட்கவில்லை. வென்றவரின் குற்றம் நமக்குத் தெரியும், அதன் காரணமும் தெரியும், அதை மன்னிக்கத் தோன்றும் அளவுக்கு அவர் நமக்கு நெருக்கமாகிவிட்டார். தோற்றவரின் குற்றமும் காரணத்தோடு தெரிய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதற்கு வேறு வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபோது அதன் நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்த ரோமானிய மேலவை, மேகோ எழுதிய 28 தொகுதி வேளாண் நூலை மட்டும் லத்தீனில் மொழிபெயர்க்க ஆணையிட்டது. அந்த மொழிபெயர்ப்பும் இன்று நம்மிடம் மேற்கோள் துணுக்குகளாகவே உள்ளது. கார்த்தேஜியர் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய வரலாறு ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. இத்தனை பெரிய மௌனத்துக்கு எதிரே ஒரு விளையாட்டு மிகச் சிறிய சன்னல்தான். சிறிய சன்னல் என்பதற்காக அதையும் சாத்தி வைக்க வேண்டுமா?

சன்னலே கோணலாக இருக்கிறதே என்பீர்கள். அதுவும் உண்மை. முதல் பாகத்தின் எகிப்தைப் போல ஒரு தவறான தரப்பு அரிது. கி.மு. 270இல் எகிப்தை ஆண்டவர்கள் மாசிடோனிய வழிவந்த தாலமிகள், அவர்களுடைய படையின் முதுகெலும்பு நீள்ஈட்டி ஏந்திய கிரேக்க அணிவகுப்பு. விளையாட்டோ ஆயிரம் ஆண்டு பழைய தேர்களையும் கோயில் சுவர்ச் சித்திரங்களிலிருந்து இறங்கி வந்தது போன்ற வீரர்களையும் நம் முன் நிறுத்தியது. ஆனால் இதற்கு மறுமொழி சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். ஆட்டக்காரர்களே! 'யூரோப்பா பார்பரோரம்' என்ற மோடைச் சம்பளமில்லாமல் உழைத்து உருவாக்கிய தன்னார்வலர்கள், தாலமிகளுக்கு அவர்களுடைய படையைத் திருப்பித் தந்தார்கள், கௌல் என்ற ஒற்றை மூட்டையை அவிழ்த்து ஏடுயி, ஆர்வெர்னி என்று தனித்தனி இனங்களாக்கினார்கள், ஒவ்வொரு தரப்பையும் அதன் சொந்த மொழிப் பெயராலேயே அழைத்தார்கள். ஆர்மீனியா அங்கே ஹயஸ்தான், பார்த்தியா அங்கே பஹ்லவா. அந்த மோடை ஆக்கியவர்கள் ரோமை மட்டும் ஆடிப் பொழுதுபோக்கியிருந்தால் இந்த வேலை நடந்திருக்குமா? ஒரு தரப்பு சரியில்லை என்பது, அதை ஆடி அதற்காக வாதாடுகிறவருக்குத்தான் தெரியும். யாரும் எடுக்காத தரப்பைத் திருத்த எந்த நிறுவனமும் மெனக்கெடாது.

சில நேரம் நிறுவனமே நல்ல சன்னலைத் திறக்கும், நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டாம் பாகத்துக்கு 2018 மார்ச்சில் வந்த 'டெசர்ட் கிங்டம்ஸ்' தொகுப்பு குஷ், சபா, நபாட்டியா, மசேசிலி என்ற நான்கு தரப்புகளைத் தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்த விளையாட்டைப் பற்றி எழுந்த பெரும் கூச்சல் அந்த நான்கு நாடுகளின் அரசியலைப் பற்றியோ வணிகத்தைப் பற்றியோ அல்ல, பெண் தளபதிகள் தென்படுகிறார்கள் என்பதைப் பற்றியது. ரோம், கார்த்தேஜ், கிரேக்க அரசுகளில் பெண் தளபதி வர வாய்ப்பே வைக்கவில்லை, குஷ் தரப்பில் மட்டும் பாதிக்குப் பாதி என்று நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது. குஷ்ஷைப் பற்றி ஒரு நூலைப் புரட்டியவர் அந்தச் சண்டையில் இறங்கியிருக்க மாட்டார். கண்டாகே என்ற பட்டம் தாங்கிய அரசிகள் படை நடத்திய நாடு அது. கி.மு. 20களில் அகஸ்டஸின் எகிப்தின்மேல் படையெடுத்த ஒற்றைக் கண் அரசியைப் பற்றி ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ரோமானியர் பதிலடி கொடுத்தார்கள், நபடாவைச் சூறையாடினார்கள். இறுதியில் குஷ் தூதர்கள் சாமோஸ் தீவுக்குப் போய் அகஸ்டஸைச் சந்தித்துப் பேசி, அவர் விதித்திருந்த திறையை நீக்க வைத்துத் திரும்பினார்கள். அந்தப் படையெடுப்பில் வெட்டியெடுத்த அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்றை மெரோவேயில் ஒரு கோயிலின் படிகளுக்கு அடியில் புதைத்தார்கள், உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதை மிதித்துக்கொண்டு போகும்படி. 1910இல் தோண்டியெடுக்கப்பட்ட அந்தத் தலை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமை எதிர்த்து, முழுதாக வெல்லாமலும் முழுதாகத் தோற்காமலும், பேச்சால் தன்னைக் காத்துக்கொண்ட அரசு இது. ஐம்பது மாகாணக் கணக்குக்குள் இந்த வகை வெற்றிக்கு இடமே இல்லை. அந்த இடத்தை ஆடுகிறவர்தான் உண்டாக்க வேண்டும்.

உங்களில் பலர் வேறொரு குறையைச் சொல்வீர்கள்: 'கௌலும் குஷ்ஷும் இருக்கட்டும், நம் சேர சோழ பாண்டியர் எங்கே?' அந்த ஏக்கத்தில் நானும் உங்களோடு நிற்கிறேன். செலூக்கியரின் தூதராக மௌரிய அவைக்கு வந்த மெகஸ்தனிஸ் பாண்டிய நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். அசோகரின் கல்வெட்டு தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட அண்டை அரசுகளாகச் சோழரையும் பாண்டியரையும் பெயர்சொல்லிக் குறிக்கிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று ப்ளினி அங்கலாய்த்தபோது, அதில் ஒரு பகுதி முசிறியின் மிளகுக்குப் போன பணம். 2019இல் வந்த 'இம்பரேட்டர்: ரோம்' தன் வரைபடத்தைத் தென்முனைவரை நீட்டித் தமிழ் அரசுகளுக்கும் இடம் தந்தது. ஆனால் அந்த அரசுகளை எடுத்து நாம் என்ன செய்கிறோம்? வடக்கே படை நடத்தி, வரைபடம் முழுவதற்கும் ஒரே வண்ணம் பூசி, பாண்டியரையும் ரோமாக்கிவிட்டு நிமிர்கிறோம். துறைமுகமும் மிளகும் முத்தும் பருவக்காற்றும் கொண்டு செழித்த ஓர் அரசியலை, வேளிரும் வேந்தரும் உறவாடியும் பகைத்தும் வாழ்ந்த ஓர் உலகத்தை, நாமே எட்டி உதைத்துவிட்டு எதைக் கொண்டாடுகிறோம்? இத்தனைக்கும் தோற்றவரை நினைவில் வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள், பாரி மாண்டான், கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு நாடு நாடாக நடந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பாரியின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. முற்றுகையிட்ட வேந்தர் எவரெவர் என்று கேட்டால் படித்தவர்களும் தடுமாறுவார்கள். அந்த மரபில் வந்தவர்கள் பறம்பின் பக்கம் நின்று ஓர் ஆட்டம்கூட ஆடாமல் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சேவ் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது, ஏனெனில் சிறிய தரப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தோல்விக்கும் பழைய சேவைத் திறந்தால், மேலே எழுதியது அத்தனையும் வீண். தோற்ற போரை அழித்துவிட்டு மறுபடி ஆடும்போது, அந்தத் தரப்பின் வாழ்க்கையிலிருந்து அதன் மையத்தையே நீங்கள் வெட்டியெறிகிறீர்கள். கி.மு. 53இல் கர்ரேயில் ரோமானியத் தளபதி க்ராஸஸின் ஏழு லீஜியன்களைப் பார்த்தியத் தளபதி சூரேனாவின் சுமார் 10,000 குதிரைவீரர்கள் சுற்றிச் சுற்றி அடித்தபோது, அம்பு தீரட்டும் என்று ரோமானியர் காத்திருந்தார்கள். தீரவில்லை. ஒட்டகங்களின் முதுகில் அம்புக் கட்டுகளை ஏற்றி வந்திருந்தார் சூரேனா. அம்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்று முன்பே அஞ்சியவர் செய்த ஏற்பாடு அது. திரும்பி வர இயலாத இழப்பு ஒன்று காத்திருக்கிறது என்ற அச்சம் இல்லாமல் இத்தகைய முன்யோசனை யாருக்கும் பிறக்காது. இரண்டாம் பாகத்தின் மிகக் கடினமான நிலையில் நினைத்தபோது சேவ் செய்ய விடமாட்டார்கள், ஆட்டம் தானாகச் செய்யும் ஒரே சேவ்தான். அந்த நிலை உங்களுக்கு மிகக் கடினம் என்றால் எளிய நிலையிலேயே ஆடுங்கள். பழைய சேவுக்குத் திரும்பாத கட்டுப்பாட்டை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதிரியை வலுவிழக்கச் செய்து ஆடுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை, நடந்ததை நடக்காததாக்குவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் அடுத்த கேம்பெய்னில் ரோமை எடுக்காதீர்கள். கார்த்தேஜ், ஆர்வெர்னி, பார்த்தியா, குஷ், எதுவானாலும் சரி, எடுத்ததை அதன் சொந்த வழியில் ஆடுங்கள். பார்த்தியாவுக்கு லீஜியன் மாதிரி ஒரு காலாட்படையைக் கட்டாதீர்கள், குதிரையையும் வில்லையும் நம்புங்கள். கௌல் இனமாக ஆடினால் அண்டை இனங்களை வெட்டி வீழ்த்தாமல், விளையாட்டு அனுமதிக்கும் கூட்டமைப்பு வழியாகச் சேர்த்துக்கொள்ளப் பாருங்கள். சீசருக்கு எதிராகக் கௌல் இனங்களை ஒன்றுசேர்க்க வெர்சின்ஜெடரிக்ஸ் கி.மு. 52இல் காலம் கடந்து முயன்றதை நீங்கள் முன்கூட்டியே முயலுங்கள். விளையாட்டு சொல்லும் வெற்றிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, தொடங்கும் முன் ஒரு தாளில் உங்கள் தரப்புக்கான வெற்றி எது என்று எழுதிக்கொள்ளுங்கள்: பார்த்தியாவுக்கு, கடைசி டர்ன்வரை எந்த ரோமானியப் படையும் யூப்ரடீஸைக் கடந்து தங்காமல் இருப்பது. கார்த்தேஜுக்கு, லிபியா ஒருமுறையும் கலகம் செய்யாமல் சிசிலியைக் காப்பது. குஷ்ஷுக்கு, நைலின் முதல் அருவிவரை எல்லையை நிறுத்தி, திறை கட்டாமல் ரோமோடு சமாதானம் செய்வது. தோற்றால் தோற்றதாகவே விட்டு, அடுத்த டர்னுக்குப் போங்கள். தமிழில் ஆட்டக் காணொளி போடும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: வெற்றி ஊர்வலங்களைப் பதிவு செய்தது போதும், நகரம் நகரமாக இழந்துகொண்டே முப்பது டர்ன் தாக்குப்பிடிக்கும் ஒரு கார்த்தேஜைப் பதிவு செய்யுங்கள், ஏன் இழந்தீர்கள் என்று பேசுங்கள். புதியவர் வந்து எந்தத் தரப்பு என்று கேட்கும்போது, உடனே பெயரைச் சொல்லாமல், அவருக்கு எந்தக் கேள்வியில் ஆர்வம் என்று முதலில் கேளுங்கள்.

எந்தத் தரப்பை எடுத்தீர்கள், தாளில் என்ன எழுதினீர்கள், எந்த டர்னில் அது உடைந்தது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு ஆடும் ஒருவன்